கேமரன் மலைக்கு சைக்கிள்ல ஏற தாப்பாவா, சிம்பாங் பூலாயா?

மலேசியாவுல இருக்குற கேமரன் மலைக்கு ஏற நம்ம ஆளுங்க கேக்குறது ரெண்டு ரோடு: அடிவாரத்துல தாப்பா ஊர்ல இருந்து ஒண்ணு, ஈப்போ பக்கத்துல சிம்பாங் பூலாய்ல இருந்து ஒண்ணு. ரெண்டு வழியிலயும் சைக்கிள்ல சாமான் பை கட்டி ஏறியாச்சு. தாப்பா பக்கம் மூணு தடவ, சிம்பாங் பூலாய் பக்கம் ஒரே ஒரு தடவ. அதனால இது சரிசமமான ஒப்பீடு இல்ல, என் ஓட்டு தாப்பாவுக்குத் தான்னு முன்னாடியே சொல்லிடுறேன். ஆனா சிங்கப்பூர்ல இருந்து முதல் தடவ போற நம்ம ஆளுங்க பாதி பேர் சிம்பாங் பூலாயத் தான் கேக்குறாங்க, யாராச்சும் கார்ல போயிட்டு வந்து "அந்த ரோடு தான் அகலம், வளைவு கம்மி, வாந்தி வராது"ன்னு சொல்லியிருப்பாங்க. கார்ல போறவங்களுக்கு அது முழுக்க சரி. பதினஞ்சு கிலோ சாமானை பின்னாடி தொங்கவிட்டுட்டு மிதிச்சு ஏறுறவங்களுக்கு கணக்கு வேற.

தூரம், ஏத்தம் எல்லாம் சீக்கிரம் சொல்லிடுறேன். தாப்பால இருந்து மலையில முதல்ல வர்ற ஊரு ரிங்லெட் ஒரு 45 கிலோமீட்டர், அங்கிருந்து நாம போய்ச் சேர வேண்டிய தானா ராத்தா இன்னும் 13 சொச்சம். சிம்பாங் பூலாய்ல இருந்து மலையோட வடக்குப் பக்க ஊரான கம்போங் ராஜா வரைக்கும் 50க்கு மேல, ஆனா அதோட முடியல, அதை அப்புறம் சொல்றேன். ரெண்டுலயும் கிட்டத்தட்ட கடல் மட்டத்துல ஆரம்பிச்சு 1,400 மீட்டருக்கு மேல போறோம். நம்ம சிங்கப்பூர் புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர் தான், அதை எட்டு ஒம்போது தடவ அடுக்கி வச்ச உயரம். பயப்பட வேண்டாம், தாப்பா ரோட்டுல சராசரியா 3 சதவீதத்துக்கும் கம்மியான ஏத்தம் தான், மவுண்ட் ஃபேபர்ல வாரம் ரெண்டு நாள் ஏறி எறங்குறவங்களுக்கு கால் தாங்கும். சின்ன கியர் மட்டும் இருக்கணும், முன்னாடி சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி பெரிய சக்கரத்துல 34 பல்லு இருந்தா நிம்மதி.

இப்போ எனக்கு எல்லாத்தையும் முடிவு பண்ண விஷயத்துக்கு வர்றேன். நிழல்.

நமக்குத் தான் வெயில் பழக்கமாச்சே, 32 டிகிரில ஈஸ்ட் கோஸ்ட்ல ஓட்டுறவங்க தானேன்னு தோணும், எனக்கும் அப்படித் தான் தோணுச்சு. ஆனா ஈஸ்ட் கோஸ்ட்ல நாம 25 வேகத்துல போறோம், அந்த வேகமே காத்தா மேல அடிச்சு வேர்வைய உலர்த்துது, அதனால தான் ஒடம்பு தாங்குது. ஏத்தத்துல பை கட்டிட்டு 8 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப காத்தே கிடையாது, ஈரப்பதம் வேற அதிகம், வேர்வை உலராம அப்படியே கை வழியா சொட்டுது, ஒடம்பு சூடு எறங்க வழியில்ல. அதுவும் நாலஞ்சு மணி நேரம் நிக்காம. மேல வெயில், கீழ தாரோட சூடு, பக்கத்துல வெட்டுன மலைச் சொவர்ல பட்டு வர்ற சூடு. காலுல தெம்பு இருக்குறப்பவே தல சுத்த ஆரம்பிச்சிடும்.

சிம்பாங் பூலாய் ரோடு மலைய அகலமா வெட்டிப் போட்ட புது ரோடு. ஏறுற பக்கம் கூடுதல் லேன் இருக்கு, ஓரமும் தாராளம், ஆனா அந்த அகலத்தாலயே மரம் எல்லாம் தள்ளி நிக்குது, நடு ரோட்டுக்கு நிழல் வராது. ஆரம்பத்துல சுண்ணாம்புக்கல் குவாரி லாரிங்க, தூசி. அதைத் தாண்டுனதும் காட்சி ரொம்ப அழகு, பள்ளத்தாக்கு முழுசா தெரியும், அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா கடைங்க ரொம்ப ரொம்ப தூரத்துக்கு ஒண்ணு. நானும் மச்சானும் போன அன்னிக்கு ஈப்போல இருந்து கெளம்பவே எட்டு மணி ஆயிடுச்சு, பத்தரைக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணி காலி, பதினொன்றரைக்கு மச்சான் சைக்கிள சாச்சு வச்சுட்டு தடுப்புக் கம்பி பக்கத்துல இருந்த ஒரு துண்டு நிழல்ல உக்காந்துட்டாரு, மூஞ்சி செவந்து பேச்சு கொழறுது. ஒரு காய்கறி லாரிக்கார அண்ணன் நிறுத்தி அவரோட தண்ணி கேனையே குடுத்தாரு, அதை தலையில ஊத்தி அரை மணி நேரம் கழிச்சுத் தான் மச்சானால எந்திரிக்க முடிஞ்சது. அந்த அரை மணி நேரத்த நான் மறக்கவே மாட்டேன், அக்காவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தான் மனசுல ஓடிட்டே இருந்துச்சு.

தாப்பா ரோடு அப்படியே எதிர். வெள்ளக்காரன் காலத்துல போட்டு 1931ல முடிச்ச ரோடு, மலைய ஒடைக்காம பாத்தாங் பாடாங் ஆத்துப் பள்ளத்தாக்க ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போவுது. அதனால தான் ஏத்தமும் மெதுவா இருக்கு, ரோடும் குறுகலா இருக்கு, ரெண்டு பக்க மரமும் மேல சேர்ந்து கூடாரம் மாதிரி மூடிக்குது. இன்னொண்ணு, நாம ஏறுறது மலைத்தொடரோட மேற்குப் பக்கம், காலைல சூரியன் மலைக்குப் பின்னாடி தான் இருக்கும், அந்த ஒடுக்கமான பள்ளத்தாக்குக்குள்ள வெயில் எட்டிப் பாக்க ரொம்ப நேரம் ஆவும். விடிஞ்சதும் ஏழு மணிக்கு தாப்பால கெளம்புனா பத்து மணி வரைக்கும் பெரும்பாலும் நிழல்லயே போயிடலாம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்ல லாத்தா இஸ்கண்டார் அருவி ரோட்டு ஓரத்துலயே விழுது, தொப்பிய நனைச்சுக்கலாம், கடை இருக்கு, தண்ணி நிரப்பிக்கலாம். அதுக்கு மேலயும் ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள் மூங்கில் கொட்டாய் போட்டு பெத்தாய்ங்குற காட்டு அவரை, காட்டுத்தேன், சீசன்ல டுரியான் எல்லாம் விக்கிறாங்க, உக்காந்து மூச்சு வாங்க எடம் குடுப்பாங்க. ரெண்டாவது தடவ போனப்ப மொத்த ஏத்தத்துக்கும் எனக்கு ரெண்டரை லிட்டர் தண்ணி தான் ஆச்சு, அதே ஒடம்பு, அதே சைக்கிள்.

தாப்பால குறை இல்லாம இல்ல. ஓரமே கிடையாது, கோலாலம்பூர்ல இருந்து வர்ற பஸ்ஸுங்க வளைவுல நம்ம லேனுக்குள்ள வரும், சத்தம் கேட்டதும் இடது பக்கம் ஒதுங்கிடணும். நிழலால ரோடு காயாது, இலையும் பாசியும் வழுக்கும், ஏறுறப்ப பரவால்ல, எறங்குறப்ப ஆபத்து. அப்புறம் வெயில்ல இருந்து திடீர்னு இருட்டுக்குள்ள வர்ற டிரைவருக்கு நம்மள கண்ணுக்கே தெரியாது, பகல்லயும் பின் லைட்ட மினுக்க விட்டுத் தான் போவணும், இதுல சமரசமே வேண்டாம்.

அதனால எறங்குறதுக்கு மட்டும் நான் சிம்பாங் பூலாயத் தான் சொல்லுவேன். காஞ்ச அகல ரோடு, வளைவு தூரத்துலயே தெரியும், பிரேக்க விட்டு விட்டு புடிச்சா போதும், கீழ ஈப்போல நல்ல சாப்பாடு காத்திருக்கும்.

கம்போங் ராஜாவோட முடியலன்னு முன்னாடி விட்ட விஷயம். தாப்பா வழியா ஏறுனா ரிங்லெட்ல சூடா ஒரு தே தாரிக் (ஆத்துன பால் டீ), அப்புறம் ஹாபு ஏரி, ரோட்டுல இருந்தே தெரியுற தேயிலைத் தோட்டம்னு பாத்துக்கிட்டே தானா ராத்தா வந்து சேந்துடலாம், குளிரும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். சிம்பாங் பூலாய் வழியா வந்தா கம்போங் ராஜாவ தொட்டு அப்பாடான்னு நிக்கிறப்ப தான் குவாலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம்னு இன்னும் ஏறி எறங்கிப் போவணும்னு தெரியும், சனி ஞாயிறுன்னா கியா ஃபார்ம் சந்தைகிட்ட கார் நகரவே நகராது, நம்ம ஸ்கூல் லீவும் மலேசியா லீவும் ஒண்ணா வந்தா சைக்கிள் கூட நுழைய எடம் இருக்காது. களைச்சுப் போன காலோட அந்த புகைக்குள்ள நிக்கிறது கொடுமை. செவ்வாய் புதன்ல போங்க.

மூணாவதா ரிங்லெட்ல இருந்து கிழக்குப் பக்கம் சுங்கை கோயான் ஊருக்குப் போற ரோடும் இருக்கு. அதுல நான் எறங்கினது மட்டும் தான், அதுவும் மழை விட்ட ஒரு காலைல, அதனால ஏறுறதுக்கு எப்படின்னு என் வாயால சொல்ல மாட்டேன். அகலமா அமைதியா இருந்துச்சு, கடை கிட்டத்தட்ட இல்ல, சாப்பாடு தண்ணி எல்லாம் ரிங்லெட்லயே கட்டிக்கணும்.

மச்சான் இந்த வருஷம் மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்காரு. தாப்பால முந்தின ராத்திரியே போய் தங்கி, ஏழு மணிக்கு ஏறி, மறுநாள் பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயில்ல கும்பிட்டுட்டு ஈப்போ பக்கம் எறங்குறதுன்னு பிளான். அக்கா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க, லாத்தா இஸ்கண்டார்லயும் ரிங்லெட்லயும் நிறுத்தி போன் பண்ணணும்.