ஐபோனா, ஆண்ட்ராய்டா?

"எந்த போன் வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்டால் போதும், ஐபோன் செய்யும் ஆப்பிள் கட்சியும் ஆண்ட்ராய்டு தரும் கூகுள் கட்சியும் வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடும். கேட்டவர் குழம்பிப்போவதுதான் மிச்சம்.

விலை: ஆண்ட்ராய்டில் எல்லா விலையிலும் உண்டு. ஐபோனுக்குக் கை கடிக்கும். ஆனால் பழையதை விற்கும்போது கொஞ்சம் திரும்பி வரும்.

ஆயுள்: 'ஐபோன்தான் நீண்ட நாள் உழைக்கும்' என்ற பழைய வாதம் செல்லாக்காசானது இங்கேதான். 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 (ஐபோனின் இயங்குதளம்) வரை தாக்குப்பிடித்தது. ஆண்ட்ராய்டில் அன்று இரண்டு வருடம் அப்டேட் வந்தாலே பெரிய விஷயம். 2023-இல் தன் பிக்சல் 8 போனுக்கு 7 வருடம் அப்டேட் என்றது கூகுள். அடுத்த வருடமே தன் கேலக்ஸி எஸ்24 போனுக்கு சாம்சங்கும் அதையே சொன்னது. மலிவு மாடல்களும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக 2017-இல் ஆப்பிளே ஒப்புக்கொண்டதும் கணக்கில் வர வேண்டும்.

சார்ஜர்: ஐபோன் 15 முதல் அங்கேயும் ஆண்ட்ராய்டு போலவே யூஎஸ்பி-சி. சண்டை முடிந்தது.

வசதி: ஐபோன் எடுத்தவுடன் பழகிவிடும். ஆண்ட்ராய்டில் முகப்புத் திரையையே வேறு லாஞ்சர் (முகப்புத் திரைக்கான ஆப்) போட்டு மாற்றலாம்.

சரி, முடிவு? கையில் ஆப்பிள் வாட்ச் இருந்தால் ஐபோன்தான், ஆண்ட்ராய்டோடு அது சேராது. நோண்டிப் பார்க்கப் பிடிக்கும், பட்ஜெட்டும் குறைவு என்றால் ஆண்ட்ராய்டு.