ஜீப் போகாத மலைக்கு ஜீப் கட்டணம்: வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவில் 27,000 ரூபாய் போனது

27,000 ரூபாய். நான், அம்மா, சித்தி என மூன்று பேருக்கு. டெல்லிவரை போய்வந்த ரயில் செலவு இதில் சேராது. இமாசலப் பிரதேசத்துப் பார்வதி பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளைக் காட்டுகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம் இது. வாங்கியவர்கள் சமூக ஊடகத்தில் மட்டும் கடை விரித்திருக்கும் ஒரு சுற்றுலாக் குழு. பெயரைப் போடவில்லை. போட்டால் வழக்குத் தொடுப்போம் என்று மிரட்டியிருக்கிறார்கள். போட்டாலும் நாளைக்கே வேறு பெயரில் வந்துவிடுவார்கள். எப்படிப்பட்ட ஆட்கள் என்று மட்டும் சொல்கிறேன்: அலுவலக முகவரி கிடையாது, முறையான ரசீது கிடையாது, ஆனால் தமிழில் தேனொழுகப் பேச ஒரு தம்பி உண்டு.

அந்தத் தம்பியின் பேச்சில்தான் எல்லாம் நடந்தது. விளம்பரத்தில், அந்தப் பள்ளத்தாக்கின் மலைமேல் இருக்கும் வெந்நீர்க் குளமான கீர்கங்காவின் படம் போட்டிருந்தார்கள்: புல்வெளி, ஆவி பறக்கும் குளம், எதிரே பனிமலை. விசாரித்து ஒரு வரி எழுதினேன், உடனே அழைத்தான். "அக்கா, எந்த ஊர்?" என்றான். ஈரோடு என்றதும், "எங்கள் அம்மாவுக்குப் பவானிதான் அக்கா" என்றான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வலி, ஏற்றம் ஏற முடியாது, நடக்க வேண்டியிருந்தால் எங்களுக்கு வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "போனை அம்மாவிடம் கொடுங்கள் அக்கா" என்றான்.

கொடுத்தேன். "அம்மா, அது முருகன் தவம் இருந்த இடம். அந்தத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்காருங்கள், முட்டி வலி எங்கே என்று தேடுவீர்கள். ஜீப் குளத்தின் கரைவரைக்கும் போகும். நானே கையைப் பிடித்து இறக்கிவிடுகிறேன்." மருதமலைக்கே படியேற முடியாமல் வண்டியில் போய்வருகிறவர் என் அம்மா. முருகன் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கார்த்திகேயர் கீர்கங்காவில் தவம் செய்தார் என்று அந்தப் பக்கத்து மக்களும் சொல்வது உண்மைதான். இவர்கள் உண்மையை மேலே தூவித்தான் பொய்யை விற்கிறார்கள். அன்றிரவே 20,000 ரூபாயை யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன். மீதி 7,000 ரூபாயை டெல்லியில் பஸ் ஏறும் இடத்தில் ஒரு பையன் ரொக்கமாக வாங்கிக்கொண்டு கூட்டத்தில் மறைந்தான். கையைப் பிடித்து இறக்கிவிடுவதாகச் சொன்ன தம்பியை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

27,000 ரூபாய்க்கு அவர்கள் சொன்னவை: டெல்லியிலிருந்து பூந்தருக்கும் திரும்பவும் வால்வோ பஸ், அங்கிருந்து கார், மணிகரணில் "ஊற்றை ஒட்டிய தங்குமிடம், மூன்று வேளையும் சாப்பாடு", "ஊற்று நுழைவுக் கட்டணம்", கீர்கங்காவுக்கு ஜீப், குளத்துக்கு எதிரே கூடாரம்.

போகும்போது பஸ் வந்தது. பியாஸ் ஆற்றில் பார்வதி ஆறு வந்து சேரும் பூந்தரில் காரும் நின்றது. அங்கிருந்து மணிகரண் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஓட்டுநர் ஆற்றின் இக்கரையில் பெட்டிகளை இறக்கிவைத்து, பாலத்தைத் தாண்டிச் சீக்கியர் கோயிலான குருத்வாராவுக்குப் போகச் சொன்னார். அவருக்கு அதுவரைக்கும்தான் பணம் கொடுத்திருக்கிறார்களாம். தம்பியை அழைத்தேன். "ஆமாம் அக்கா, அதுதான் உங்கள் தங்குமிடம். உள்ளேயே வெந்நீர், உள்ளேயே சாப்பாடு. வேறென்ன வேண்டும்?"

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மணிகரண் குருத்வாராவில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கலாம். லங்கர் எனப்படும் அன்னதானக் கூடத்தில் சாப்பாடு இலவசம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்கும் வெந்நீர்க் குளங்களில் குளிப்பதும் இலவசம். பாயிலிருந்து போர்வைவரை சேவையாகக் கொடுக்கும் அந்த இடத்தைத்தான் இவர்கள் எங்களுக்குப் பணத்துக்கு விற்றிருக்கிறார்கள். அன்னதானப் பந்தி வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது போன்ற வேலை இது. அங்கே சேவை செய்துகொண்டிருந்த ஒரு சர்தார்ஜி பெரியவரிடம் சித்தி ஹிந்தியில் நடந்ததைச் சொன்னார். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு, அம்மாவுக்குப் படியேற வேண்டாத இடமாகப் பார்த்துக் கொடுத்தார். விருப்பமிருந்தால் உண்டியலில் போடுங்கள் என்பதற்கு மேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊர்மீது எனக்குக் குறை கிடையாது. தரையிலிருந்து கொதித்துக்கொண்டே வருகிறது தண்ணீர். அரிசியையும் கொண்டைக்கடலையையும் துணியில் முடிந்து, கயிறு கட்டி உள்ளே இறக்கினால் வெந்துவிடுகிறது. லங்கருக்கான பெரிய பாத்திரங்களும் அதே சூட்டில்தான் வேகின்றன. எரிமலை எதுவும் பக்கத்தில் இல்லை. மலைப் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கும் தண்ணீர் பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. குளிக்கும் குளத்தில் குளிர்ந்த நீரைக் கலந்துதான் விடுகிறார்கள். அம்மா காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதமாக இருந்தது. வலி பறந்தெல்லாம் போகவில்லை. வெந்நீர் ஒத்தடம் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான்.

அடுத்தது கீர்கங்கா. ஜீப் வரவில்லை, தம்பியும் போனை எடுக்கவில்லை. சொந்தக் காசில் ஒரு டாக்சி பிடித்துப் பர்ஷைனிவரை போனோம். சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைபாதைதான்: நக்தான் கிராமம், ருத்ரநாக் அருவி, பிறகு செங்குத்தான காட்டு ஏற்றம் என்று சுமார் 12 கிலோமீட்டர். நன்றாக நடக்கிறவர்களுக்கே நான்கைந்து மணி நேரம் ஆகும். குளம் இருப்பது கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரத்தில். "ஜீப் எங்கே நிற்கும்?" என்று சித்தி கேட்டதும் டீக்கடைக்காரர் சிரித்தேவிட்டார். கீர்கங்காவில் பெருகிக் கிடந்த கூடாரங்களை 2018-இல் உயர் நீதிமன்ற உத்தரவையடுத்து வனத்துறை அகற்றிய கதையையும் அவர்தான் சொன்னார். அம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "போகலாம் வா" என்றார். அந்த நேரம் அந்தத் தம்பி மட்டும் கையில் கிடைத்திருந்தால்!

திரும்பும் பஸ்ஸுக்கு எங்கள் பெயரில் டிக்கெட்டே போடவில்லை. அதையும் நாங்களே வாங்கினோம்.

இனி சாக்குகள். முதலில், "மலையில் மண் சரிவு அக்கா, இயற்கைக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" நாங்கள் டாக்சியில் போய்வந்த சாலையில் சரிவு எதுவும் இல்லை. பிறகு, "கணக்குப் பார்க்கிறவர் விடுப்பில் இருக்கிறார்." பிறகு வேறொருவர், கடுமையான குரலில்: "பஸ்ஸில் போனீர்கள், தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள், குளித்தீர்கள். இன்னும் எதற்குப் பணம்?" சாப்பாடு போட்டது குருத்வாரா ஐயா, நீங்கள் இல்லை என்றேன். வைத்துவிட்டார். 27,000 ரூபாயில் பாதியையாவது கொடுங்கள் என்று எழுதியதற்கு, அடுத்த காஷ்மீர் சுற்றுலாவில் 2,000 ரூபாய் தள்ளுபடி என்று பதில் வந்தது, கூப்பிய கைப் படத்துடன். அவர்கள் பக்கத்தில் நான் போட்ட கருத்தை அழித்தார்கள், என் எண்ணைத் தடுத்துவைத்தார்கள். சித்தியின் எண்ணிலிருந்து அழைத்தால் அதே தம்பி, அதே தேன்: "சொல்லுங்கள் அக்கா, எந்த ஊர்?" என் பெயரைச் சொன்னதும் இணைப்பு அறுந்தது.

போகிறவர்களுக்கு உதவும்படி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது கைதான் நடுங்குகிறது. இவற்றை மட்டும் பாருங்கள். கீர்கங்காவுக்கு வண்டி என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். மணிகரணில் தங்கவும் குளிக்கவும் யாருக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். பூந்தரிலிருந்து அரசு பஸ் போகிறது, ஏறி உட்கார்ந்தால் போதும். முட்டி வலிக்காரர்களுக்கு மணாலியை அடுத்த வசிஷ்ட் கிராமம் மேல். ஊற்றுக்கு அருகிலேயே சாலை போகிறது, அங்கும் குளியல் இலவசம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சுடுநீரில் நெடுநேரம் உட்கார வேண்டாம், எழும்போது தலை சுற்றும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஆதாரம், அந்தத் தம்பி எழுதிய செய்திகள், விளம்பரப் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ரொக்கமாகப் போன 7,000 ரூபாய்க்குத்தான் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

நேற்றிரவு பார்த்தேன். அதே கீர்கங்கா படத்தைப் போட்டு, சட்லஜ் கரையில் இருக்கும் தத்தாபானிக்கு ஆள் சேர்க்கிறார்கள், "ஆற்று மணலில் இயற்கை ஊற்று" என்று. தத்தாபானியின் பழைய ஆற்றங்கரை ஊற்றுகள் கோல் அணையின் தேக்கத்தில் மூழ்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன் கீழே ஒருவர், முன்பணம் அனுப்பிவிட்டேன் தம்பி என்று எழுதியிருக்கிறார். அவரோ அவரைத் தெரிந்தவர்களோ இதைப் படித்தால் தாமதிக்காமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள்.