மெமரி கார்டைக் கழற்றிக் கொடுக்கும் முன்னால்

தனியாக வீடியோ வேலை எடுத்துச் செய்யும் கேமராமேன்களுக்கும் எடிட்டர்களுக்கும் இந்த எச்சரிக்கை. ஏமாற்றும் முறை பெரும்பாலும் ஒன்றேதான். ஜவுளிக் கடைக்கோ கல்லூரிக்கோ படம் வேண்டும் என்று ஏதோ ஒரு விளம்பர ஏஜென்சி கூப்பிடும். "ரெண்டு நாள் ஷூட், எடிட்டோட சேர்த்து இவ்வளவு" என்று வாட்ஸப்பில் பேச்சு முடியும். அட்வான்ஸ் சொன்னபடி வந்துவிடும். இரண்டாம் நாள் மாலை லைட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்போடு ஒரு பையன் வந்து நிற்பான். "அண்ணா, கார்டக் குடுங்க, சேஃப்டிக்கு ஒரு காப்பி போட்டுக்கறேன்." அரை மணி நேரத்தில் கார்டு திரும்பி வந்துவிடும். அதோடு போன் எடுப்பது நின்றுவிடும். மூன்று வாரம் கழித்து, வேறு யாரோ எடிட் செய்த படம் கடையின் இன்ஸ்டாகிராமில் ஓடும். கேட்டால், "எடிட் நீங்க பண்ணலையே, பேலன்ஸ் எதுக்கு?" என்பார்கள்.

"நான் எடுத்தது, காசு வரும்வரை என்னுடையது" என்று நம்புகிறவர்கள் நம்மில் அதிகம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் பேசி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கும் படத்துக்கு அவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. மாறாக உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால் என்பது அதிலேயே இருக்கும் நிபந்தனை. காட்சிப் பதிவு எதுவானாலும் அந்தச் சட்டத்தின் கண்ணில் படம்தான். எனவே 'ரா ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத மூலக் காட்சிகள்) தனி, ஃபைனல் தனி' என்ற பிரிவு தானாக வராது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் பேலன்ஸ் தொகை வெறும் கடன் பாக்கி ஆகிவிடும். இன்ஸ்டாகிராமில் புகார் கொடுத்து அந்தப் படத்தை இறக்கச் சொல்லவும் பிடிமானம் இருக்காது.

அந்த மாற்று உடன்பாட்டைக் கொட்டேஷனிலேயே போடுங்கள். வக்கீல் தமிழ் தேவையில்லை. "முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் சேரும்வரை, எடுத்த காட்சிகள் அனைத்தின் பதிப்புரிமையும் ஒளிப்பதிவாளரிடமே இருக்கும். தொகை சேர்ந்தபின் இறுதிப் படத்தின் உரிமை மட்டும் வாடிக்கையாளருக்கு மாறும். ரா ஃபுட்டேஜ் வேண்டுமானால் தனிக் கட்டணம்." இதில் ஏஜென்சியின் கையெழுத்து, தேதி. உங்கள் கையெழுத்தும் கட்டாயம். உரிமையை எழுதிக் கொடுப்பவர் ஒப்பமிடாத மாற்றம் 19ஆம் பிரிவின்படி செல்லாது. எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் 5 வருடம், இந்தியாவுக்குள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். வெளிநாட்டுக் கிளை வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் அவரே பேப்பர் கேட்பார். ஷோரீலில், அதாவது நம் வேலைகளின் மாதிரித் தொகுப்பில், போட்டுக்கொள்ளும் அனுமதியையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ஷூட்டிங் அன்று யார் கேட்டாலும் கார்டு கை மாறக் கூடாது. 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி. இரண்டு காப்பிக்கு 1 டிபிக்கு மேல் இடம் வேண்டும். வீடியோ ஃபைல்களை மட்டும் இழுத்துப் போடாமல் கார்டின் ஃபோல்டர் அமைப்பை அப்படியே எடுங்கள்; நீளமான கிளிப் பல துண்டாகப் பதிவாகும் கேமராக்களில், துணை ஃபைல் தொலைந்தால் துண்டுகளைச் சேர்ப்பது தலைவலி. செக்சம் (காப்பி மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று காட்டும் எண்) பார்த்து இரண்டு காப்பியும் சரி என்று தெரிந்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். ப்ரீவியூவை 720பியில், வாட்டர்மார்க்கை நடுவில் போட்டு அனுப்புங்கள். மூலையில் போட்டால் க்ராப் செய்துவிடுவார்கள்.

பணத்தை 50, 40, 10 சதவீதமாகப் பிரிப்பது நல்லது: தேதி உறுதியாகும்போது, ஷூட்டிங் முடிந்த அன்று, ஃபைனல் கொடுக்கும் முன். கடைசிப் பங்கு பெரிதாக இருந்தால் உங்கள் கழுத்தில்தான் கத்தி.

உத்யம் எனும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம். வேலை தொடங்கும் முன்பே செய்திருங்கள். 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். பில் எண், தேதி, டெலிவரி கொடுத்த மின்னஞ்சல் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

கல்யாண வேலையில் மட்டும் நிதானம் தேவை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு, பேலன்ஸ் தகராறில் அந்தக் குடும்பத்தின் ஃபுட்டேஜை அழித்தாலோ காலவரையின்றிப் பிடித்து வைத்தாலோ, நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று நம்மேல்தான் வழக்கு வரும். டெலிவரிக்குப் பின் 90 நாள் வரைதான் ரா வைத்திருப்போம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். அந்தக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது மின்னஞ்சலில் நினைவூட்டி, பதில் வந்த பிறகு அழியுங்கள்.