முதலில் வாங்கிய பெரிய பெல்லட் ஸ்டவ்வும் இப்போது ஓடுகிற சின்னதும்

அமெரிக்காவில், நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவாவில் இருக்கிறோம். 1978இல் கட்டிய மரவீடு, கீழும் மேலுமாக 1,800 சதுர அடி. வீட்டைச் சூடாக்க ஆயிலில் எரிகிற பாய்லர் உண்டு. ஜனவரியில் ஆயில் லாரி வந்துவிட்டுப் போனாலே அந்த மாதம் கையைக் கடிக்கும். அதனால்தான் பெல்லட் ஸ்டவ் பக்கம் போனோம். இப்போது கூடத்தில் ஓடிக்கொண்டிருப்பது எங்களுடைய இரண்டாவது ஸ்டவ். முதலாவதும் நல்ல ஸ்டவ்தான். எங்கள் வீட்டுக்குத்தான் அது பெரிசு.

தெரியாதவர்களுக்கு: பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருண்டைக் குச்சி. 40 பவுண்டு மூட்டையில் வரும், 50 மூட்டை ஒரு டன். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த அப்பா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது மாட்டுத் தீவனமாட்ட இருக்குது" என்றார். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஸ்டவ்வின் தலையில் இருக்கிற தொட்டியில் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு திருகுத் தண்டு சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் போடும். ஒரு விசிறி புகையை வெளியே தள்ளும், இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். எவ்வளவு சூடு என்பது அந்தத் தண்டு எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. சூட்டை இங்கே பி.டி.யு. என்ற அலகில் அளப்பார்கள். ஒரு பவுண்டு பெல்லட்டில் ஏறக்குறைய 8,000 பி.டி.யு. இருக்கிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

முதல் தடவை கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: வீடு எத்தனை சதுர அடி? சொன்னேன். சதுர அடிக்கு 30 பி.டி.யு. என்று பெருக்கி, கடையிலேயே பெரியதைக் காட்டினார். மணிக்கு 52,000 பி.டி.யு. "கூட இருந்தால் குறைத்து வைத்துக்கொள்ளலாம், குறைவாக இருந்தால் கூட்ட முடியாது" என்றார். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் தலையாட்டினேன்.

குறைத்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதுதான் சிக்கல். எந்த ஸ்டவ்வுக்கும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு அளவு உண்டு. அந்தப் பெரிய ஸ்டவ்வுக்கு அது மணிக்கு 2 பவுண்டு. அக்டோபர், நவம்பரில் வீட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கூடம் 84 டிகிரி பாரன்ஹீட்டுக்குப் போகும். பனிக்காலத்தில் பனியனோடு உட்கார்ந்திருப்போம். மாடியில் பையன் அறையில் 60. அறைச் சூட்டைப் பார்த்து ஸ்டவ்வை அணைத்துப் பற்றவைக்கிற தெர்மோஸ்டாட் போட்டுப் பார்த்தோம். சூடு வந்ததும் அணைந்துவிடும், அரை மணியில் மறுபடி பற்றும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை இப்படிப் பற்றி அணைந்தால் பற்றவைக்கிற இக்னைட்டர் என்ன செய்யும்? பிப்ரவரியில் செத்துப்போனது.

கண்ணாடி அதற்கு முன்பே கருத்துவிட்டது. மிகக் குறைந்த தீயிலேயே ஓடினால் பெல்லட் முழுசாக எரியாது. கரி கண்ணாடியில் படியும், கிண்ணத்தின் அடியில் கரியும் சாம்பலும் சேர்ந்து வெல்லப்பாகு மாதிரி இறுகிப்போகும். தினமும் காலையில் பழைய ஸ்குரூ டிரைவரால் அதைக் குத்தி எடுப்பதுதான் என் வேலை. கோவையில் வளர்ந்தவளுக்கு இது புரிந்திருக்க வேண்டும். இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டால் கல் சுற்றும், மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அரையாமல் கிடக்கும். அதே கதைதான்.

அந்தக் குளிர் முடிந்ததும் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். சதுர அடியை ஓரமாக வைத்துவிட்டு ஆயில் பில்களை எடுத்தேன். இந்த வீடு எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று அதற்குத்தான் தெரியும். சன்னல் இடுக்கு, சூடு வெளியே போகாமலிருக்கப் பரண் மேலே போட்ட இன்சுலேஷன், எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. ஸ்டவ் வாங்குவதற்கு முந்தைய வருடம் 720 கேலன். கோடை மாதங்களில் குளிக்கிற வெந்நீருக்கு மட்டும் ஆனதைப் பார்த்து, வருடத்துக்கு 120 கேலனைக் கழித்தேன். மிச்சம் 600. ஒரு கேலன் ஆயிலில் 1,38,500 பி.டி.யு. பாய்லரைச் சுத்தம் செய்தவர் அதன் மேல் தொங்கவிட்டிருந்த அட்டையில் திறன் 82 சதவீதம் என்று எழுதியிருந்தது. ஆக வீட்டுக்குள் உண்மையில் வந்து சேர்ந்தது 6.8 கோடி பி.டி.யு.

அடுத்தது குளிர். இங்கே டிகிரி டே என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலை 65 டிகிரிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அதை வருடம் முழுக்கக் கூட்டுவது. எங்கள் பக்கம் சுமார் 7,000 வரும். 6.8 கோடியை 7,000ஆல் வகுத்து, 24 மணி நேரத்தாலும் வகுத்தால் 405. அதாவது வெளியே ஒரு டிகிரி இறங்கினால் என் வீட்டுக்கு மணிக்கு 405 பி.டி.யு. கூடுதலாக வேண்டும். கடும் குளிர் ராத்திரிக்கு 0 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 18 செல்சியஸ், என்று வைத்துக்கொண்டால் 65 டிகிரி வித்தியாசம். 405ஐ 65ஆல் பெருக்கினால் சுமார் 26,300.

கடைக்காரர் விற்றது 52,000! பாதியைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். சாதாரண ஜனவரி நாளில், வெளியே 24 டிகிரி இருக்கும்போது, தேவை 16,600தான்.

கடையில் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.டி.யு. பெரும்பாலும் உள்ளே போகும் பெல்லட்டின் கணக்கு, வெளியே வரும் சூட்டின் கணக்கு இல்லை. இப்போது வாங்கியதில் 34,000 என்று இருக்கிறது. திறன் 78 சதவீதம், ஆக அறைக்குக் கிடைப்பது 26,500. கடும் குளிருக்குக் கணக்காக இருக்கிறது. அதைவிட முக்கியமாக நான் பார்த்தது கீழ்ப்பக்க எண்ணை: மணிக்கு ஒரு பவுண்டு வரை இறங்கும். வெளியே 50 டிகிரி இருக்கும் அக்டோபர் நாளில் வீட்டுக்கு வேண்டிய 6,000க்கு அது கிட்டத்தட்ட சரி. மிக மோசமான இரண்டு மூன்று ராத்திரிகளில் குறைந்தால் ஆயில் பாய்லர் இருக்கவே இருக்கிறது, அதை யாரும் கழற்றி எறியவில்லையே.

2024 இலையுதிர் காலத்தில் பொருத்தினோம். ஆள் கூலி, குழாய் எல்லாம் சேர்த்து 4,200 டாலர். திறன் 75 சதவீதத்துக்கு மேல் இருந்ததால் மத்திய அரசு வரியில் 30 சதவீதம் திரும்ப வந்தது. அந்தச் சலுகை 2025 முடிவோடு நின்றுவிட்டது, இனி வாங்குகிறவர்கள் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டு குளிர் பார்த்தாயிற்று. நாள் முழுக்க நடுத்தரத் தீயில் ஒரே சீராக எரிகிறது. கண்ணாடியை வாரம் ஒரு தடவை ஈரத்தாளால் துடைத்தால் போதும், லேசான சாம்பல் நிறத் தூள்தான். ஜனவரியில் ஒரு நாளைக்கு ஒன்றரை மூட்டை ஆகிறது. ஸ்குரூ டிரைவர் பழையபடி டப்பாவுக்குப் போய்விட்டது. சத்தம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். விசிறி ஓடுகிற சத்தத்தில் டி.வி. ஒலியை இரண்டு புள்ளி கூட்ட வேண்டியிருக்கிறது.

மாடிக்குச் சூடு ஏற்றுவதுதான் இன்னும் இழுபறி. பெல்லட் ஸ்டவ் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் பொருள், எவ்வளவு பெரியதை வாங்கினாலும் கதவைத் தாண்டித் தானாக நடந்து போகாது. நாங்கள் முதலில் கூடத்திலிருந்து மாடிப்படியை நோக்கி மின்விசிறி வைத்தோம், பிரயோசனமில்லை. அப்புறம் திருப்பி வைத்தோம்: மாடிப்படி அடியில், தரையில், சின்ன விசிறி, ஸ்டவ்வைப் பார்த்து. கீழே இறங்கும் குளிர்ந்த காற்றை அது கூடத்துக்குள் தள்ளுகிறது, அந்த இடத்துக்குச் சூடான காற்று மேல் வழியாகப் போகிறது. கூடத்து வாசற்படியின் உச்சியில் ஒரு டிஷ்யூ காகிதத்தை ஒட்டிப் பார்த்தேன். விசிறியைப் போட்டதும் அது மாடிப்பக்கமாகச் சாய்ந்து படபடத்தது. பையன் அறை 60இலிருந்து 65க்கு வந்தது. அதற்கு மேல் கம்பளிதான்.

பணம் மிச்சமா என்றால், பெரிதாக இல்லை. போன குளிரில் 3 டன் எரித்தோம், டன் 340 டாலர், மொத்தம் 1,020. ஆயிலில் மிச்சமானது 335 கேலன். கேலன் 3.60 டாலர் என்று பார்த்தால் 1,206. ஆக வருடத்துக்கு 186 டாலர், அதுவும் மூட்டை தூக்கிய என் இடுப்புக்குக் கூலி போடாமல். ஆனால் ஸ்டவ்வே இல்லாத காலத்தில் 64இல் நடுங்கிக்கொண்டிருந்த கூடம் இப்போது 70இல் இருக்கிறது. எனக்கு அது போதும், வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

கரண்ட் போனால் ஸ்டவ்வும் போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருகுத் தண்டு, விசிறி எல்லாம் மின்சாரத்தில் ஓடுவது. நடுவில் நின்றால் புகையைத் தள்ள ஆளில்லாமல் அறைக்குள் கசியும். ஊரில் இன்வெர்ட்டர் வைத்துப் பழகிய புத்தி, இங்கும் ஒரு பேட்டரி யு.பி.எஸ். வைத்திருக்கிறேன். சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை, தருவதாக வாங்குங்கள், மட்டமானதில் மோட்டார் உறுமும்.

பழைய ஸ்டவ்வைப் பாதி விலைக்குக் கொடுத்தோம். வாங்கியவர் பக்கத்து ஊரில் மரப்பட்டறை வைத்திருக்கிறார். கூரை 14 அடி உயரம், இரண்டு பெரிய ஷட்டர் கதவு, இன்சுலேஷன் என்று பெயருக்குத்தான். போன மாதம் கடையில் பெல்லட் ஏற்றிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். முழுத் தீயில் நாள் பூராவும் ஓடுகிறதாம், கண்ணாடி கருக்கவே இல்லையாம். எதற்காக இவ்வளவு நல்ல ஸ்டவ்வை விற்றீர்கள் என்று என்னைக் கேட்டார்.