கொச்சியைப் படகிலேயே சுற்றிக்காட்டும் ஒருநாள் உலா: பல வருட அனுபவம்

பிழைப்புக்காக எர்ணாகுளத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. ஊரிலிருந்து யார் வந்தாலும் உள்ளூர் கைடு ஒருவரோடு ஒரு பகல் முழுக்கப் படகில் சுற்றிக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. வெவ்வேறு கைடுகளோடு, மழையிலும் வெயிலிலும், முழங்கால் வலிக்காரர்களோடும் கைக்குழந்தையோடும் போய்ப் பார்த்ததில் தேறியதை எழுதுகிறேன்.

‘படகு உலா’ என்ற பேரில் இங்கே இரண்டு சரக்கு விற்கிறது. மரைன் டிரைவில் ஏற்றி, பாட்டைச் சத்தமாகப் போட்டு, ஒரு சுற்று அடித்துத் திரும்ப இறக்கிவிடுவது ஒன்று. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நான் சொல்வது, வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் படகிலேயே ஏறி, இறங்கி நடந்து, மறுபடி படகு பிடிக்கிற உலா. படகுத்துறையை இங்கே ஜெட்டி என்பார்கள். பணம் கட்டுமுன் ‘எந்த ஜெட்டியில் ஏறி எந்த ஜெட்டியில் இறங்குவோம்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பாதி நாள் வேனில்தான். எங்களை அப்படி ஒருவர் தோப்பும்படி டிராபிக்கில் உட்காரவைத்தார்; கண்ணெதிரே காயல், நாங்கள் லாரிக்குப் பின்னால்.

படகில் எதைத் தேர்ந்தெடுப்பது? நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு சில ரூபாயில் போர்ட் கொச்சி கொண்டுபோய்விடும். ஜன்னல் திறந்திருக்கும், காற்றில் டீசலும் உப்பும் கலந்து வரும். முன்னால் சக்கரம் பிடிக்கும் சிராங்கு கயிற்றை இழுத்தால் என்ஜின்காரர் பக்கத்தில் மணி அடிக்கும். அந்த மணியைக் கேட்டே அவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். பக்கத்தில் நின்று பார்த்தால் பொழுது போவதே தெரியாது. 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ வந்தது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய மின்சாரப் படகுகள், ஏசி, அலுங்காத ஓட்டம். அதன் ஜெட்டி மிதவை மேடை என்பதால் நீர் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கும். வயதானவர்கள் தாண்டிக் குதிக்க வேண்டாம். ஆனால் கண்ணாடி மூடியே இருக்கும். ஆகவே நாங்கள் போகும்போது பழைய படகு, திரும்பும்போது மெட்ரோ.

நல்ல கைடு என்றால் படகு கிளம்பியதுமே பேச்சை ஆரம்பிப்பார். இடப்பக்கம் தெரியும் வில்லிங்டன் தீவு, துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் வேலை. முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டி, 1928-ல் பெரிய கப்பலை உள்ளே வரவைத்தார். அந்த முகத்துவாரமே 1341-ல் பெரியாற்று வெள்ளத்தில் அகலமானது என்பார்கள். பழைய துறைமுகமான முசிறி தூர்ந்து கொச்சி எழுந்தது அதன் பிறகுதானாம். இதைத் தண்ணீரின் மேலிருந்து கேட்கும்போதுதான் திசை புரிகிறது. முகத்துவாரம் பக்கம் சில நாள் ஓங்கில் (டால்பின்) முதுகும் தெரியும். இறங்குகிற வரை போனைத் தடவிக்கொண்டிருக்கும் கைடுகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

மட்டாஞ்சேரிக்குக் கிழமை முக்கியம். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூதர் ஜெபாலயத்துக்குச் சனி விடுமுறை. ஞாயிறு முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையைப் போர்ச்சுக்கீசியர் கட்ட, டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தார்கள். ராஜாவின் பள்ளியறைச் சுவரில் ராமாயணம் ஓடுகிறது. 1568-ல் கட்டிய ஜெபாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். காலடியில் கையால் வரைந்த நீலநிறச் சீன ஓடுகள். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பார்கள்.

பல திட்டங்களில் விடுபட்டுப்போவது போர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியிலுள்ள டோபி கானா, அதாவது சலவைக்கூடம். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். எனக்கு அந்த நாளின் சிறந்த இடம் இதுதான். கிளிப் கிடையாது, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் பிரிக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுவார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் விழாது. தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, “எந்த ஊரும்மா?” என்றார். “சங்கரன்கோவில் பக்கம்ணே” என்றாள் அத்தை. அப்புறம் அவளை அங்கிருந்து கிளப்பப் பெரும்பாடு. மலையாளம் கலந்த அவர் தமிழில் பாதி எங்களுக்குப் புரியவில்லை, அத்தைக்கு எல்லாமே புரிந்ததாம். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது அவர்கள் வேலைசெய்யும் இடம்.

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோட காமாவை 1524-ல் புதைத்த இடம் இருக்கிறது. எலும்புகள் பிற்பாடு லிஸ்பன் போய்விட்டன. சீனவலைகள் எனப்படும் பெரிய தூக்கு மீன்வலைகளைப் பார்ப்பதை மாலைக்கு வையுங்கள். கயிற்றில் கட்டித் தொங்கும் கற்கள்தான் வலையைத் தூக்கும் எதிர்எடை. “வந்து இழுங்க சார்” என்று கூப்பிட்டால் போகலாம், முடிவில் காசு எதிர்பார்ப்பார்கள்.

விடுமுறை நாளில் சூரியன் மறைந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மெட்ரோ வரிசைக்கு வரும். கைடு அதற்கு முன்னால் கிளப்பாவிட்டால், பக்கத்திலேயே ரோ-ரோ படகில் ஆட்டோ, லாரிகளோடு எதிரே உள்ள ‘வைப்பின்’ தீவுக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக எர்ணாகுளத்துக்குப் பஸ் இருக்கிறது.