கேஸ்ட் ஐயன் புல்லட் 350: வாங்கிப் பிரித்துக் கட்ட எப்படிப்பட்ட வண்டி?

பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு வாசலிலேயே பிரித்து, மறுபடி ஓட வைக்க ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் பெரும்பாலும் நான்கு பெயர்களைத்தான் சொல்வார்கள்: ஆர்.எக்ஸ். 100, யெஸ்டி, ராஜ்தூத் 350, கேஸ்ட் ஐயன் (வார்ப்பிரும்பு பேரல் கொண்ட பழைய) புல்லட். முதல் வண்டி என்றால் தயங்காமல் புல்லட்டை எடுக்கலாம். ஆர்.எக்ஸ். பிரிக்க எளிது; ஆனால் ஆளுக்கு ஆள் ஏற்றிவிட்ட விலைக்கு அந்த 98 சி.சி. இன்ஜினை வாங்கிவிட்டு, பிரித்துப் பார்த்தால் பாதிப் பாகம் வேறு வண்டியுடையதாக இருக்கும். யெஸ்டி செய்த மைசூர் ஆலை 1996-லேயே மூடிவிட்டது. ராஜ்தூத் 350 இரட்டை சிலிண்டர் வண்டி; கை பழகாதவர் அதில் தொடங்கக் கூடாது.

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய ஒரே அமைப்பில் செய்துவந்த இன்ஜின் இது. 70 மி.மீ. போர் (சிலிண்டர் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி., 18 குதிரைத்திறன். பேரல் (சிலிண்டர்) வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர்பாக்ஸைத் தொடாமல், கேமும் எண்ணெய் பம்ப்பும் இருக்கும் டைமிங் பக்கம் வேலை பார்க்கலாம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தொடாமல் ஹெட்டைக் கழற்றி வால்வ் தேய்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்பது கற்றுக்கொள்கிறவருக்குப் பெரிய வசதி.

குறை என்ன? இந்த இன்ஜினின் ஆயுள் முழுக்க எண்ணெய் ஓட்டத்தில்தான் இருக்கிறது. அதில் கோட்டைவிட்ட வண்டி வெளியே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே போயிருக்கும். அதனால் புது பெயின்ட், புது குரோம், தங்கக் கோட்டுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியைவிட, தூசி படிந்து நின்றாலும் பாகம் குறையாத வண்டியையே தேட வேண்டும். ஆலையில் டேங்க் மேல் அந்தத் தங்கக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுத்தார்கள். கோட்டின் முடிவில் தூரிகை எடுத்த இடம் மெல்ல மங்கித் தெரிந்தால் அந்த டேங்கில் பிறகு யாரும் கை வைக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், வெள்ளைத் துணி, சின்னக் காந்தம் போதும். முதலில் நம்பர். சேஸிஸ் நம்பர் ஹேண்டில் தலைக்குழாயில் இருக்கும். இன்ஜின் நம்பர் இடப்பக்க கேஸில், பேரலுக்குக் கீழே இருக்கும். இரண்டையும் பென்சில் ட்ரேஸ் எடுத்து ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். நம்பர் கொட்டிய இடம் சுற்றியுள்ள வார்ப்பைவிடப் பள்ளமாகவோ, அரம் ஓடிய கோடுகளோடோ இருந்தால் என்ன கதை சொன்னாலும் திரும்பிவிடுங்கள். இன்ஜினைச் சரிசெய்ய முடியும், நம்பரைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து கிக். இதை நீங்களே செய்ய வேண்டும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளினால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும். பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நெருங்கும்போது பாயின்ட் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) திறக்கும், முள் நடுவுக்குத் திரும்பும். அங்கே டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேவிடும் சின்ன வால்வின் லீவர்) பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, பிறகு முழு உதை. முள் அசையவே இல்லை என்றால் பாட்டரி, வயர், பாயின்ட் மூன்றில் ஒன்று செத்திருக்கிறது. அது சின்ன வேலை. கம்ப்ரஷனில் நிறுத்திக் கிக்கர் மேல் முழு எடையையும் போட்டு நின்று பாருங்கள். சில நொடி தாங்கி மெல்ல இறங்கினால் ரிங்கும் வால்வும் நன்றாக இருக்கின்றன. உஸ் என்று உடனே இறங்கினால் டீகம்ப்ரஸர் வாயில் காதை வைத்துக் கேளுங்கள்; சத்தம் அங்கே என்றால் செலவு குறைவு, எண்ணெய் மூடியில் என்றால் ரிங்கோ பேரலோ போயிருக்கிறது.

நீண்ட நாள் நின்ற வண்டியில் ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். எண்ணெய்த் தொட்டி கிராங்க்கேஸிலேயே பின்பக்க அறையாக வார்க்கப்பட்டிருக்கிறது. பல மாதம் நின்றால் எண்ணெய் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் பார்த்தால் எண்ணெய் இல்லாததுபோல் தெரியும். உடனே ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் பிரீதரில் (கேஸின் காற்று வெளியேறும் குழாய்) கொட்டும், சைலன்சரில் வெண்புகை மண்டும். ஒன்று கீழே முழுக்க வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அல்லது ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, ரிட்டர்ன் பம்ப் எண்ணெயை மேலே ஏற்றிய பிறகு ஸ்டிக்கைப் பாருங்கள். அந்தப் புகையைப் பார்த்தே இன்ஜின் போச்சு என்று விலையைக் குறைக்கும் விற்பனையாளர் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் கறுந்தூள் கொஞ்சம் இருக்கும், பயப்பட வேண்டாம். காந்தத்தில் ஒட்டாமல், மீன் செதில் பொடிபோல் வெள்ளியாக மினுங்கினால் அது பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடம்) புஷ்ஷின் வெண்ணுலோகம், அதாவது மென்மையான பேரிங் உலோகம். பழைய மாடல்களில் பிக் எண்டில் ரோலர் கிடையாது. வெண்ணுலோகம் பூசிய மிதக்கும் புஷ்தான். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வயிற்றுக்குள் இடிப்பதுபோல் தொம் தொம் என்று வருவதும் இதுதான். குளிரில் டக் டக் என்று வந்து சூடானதும் அடங்குவது பிஸ்டன்; அதை அவசரமாகத் தொட வேண்டியதில்லை. பிக் எண்ட் போன வண்டி என்றால் கிராங்கைப் பிளந்து, புஷ்ஷும் பின்னும் மாற்றி, சென்டரில் வைத்து டயல் கேஜ் போட்டு நேராக்கித் தரும் லேத்துக்காரர் வேண்டும். சுத்தியலும் கண்ணளவும் மட்டும் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி பிளக்க வேண்டிவரும். மொத்தச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகும், போகவும் வேண்டும்.

ஏன் பிக் எண்ட் போகிறது? பெரும்பாலும் டைமிங் கவருக்குள் இருக்கும் ஒரு சின்னக் கார்க் சீலால். பம்ப் தள்ளும் எண்ணெய், கவரிலிருந்து கிராங்க் முனைக்குள் அந்த கார்க் வழியாகத்தான் நுழைகிறது. கார்க் காய்ந்து சுருங்கிவிட்டால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் வெளியிலேயே வழிந்துவிடும். மேலே வால்வைத் திறக்கும் ராக்கருக்கு எண்ணெய் வந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. டைமிங் கவரை எதற்காகக் கழற்றினாலும் அந்தக் கார்க்கை மாற்றாமல் மூடாதீர்கள்; டீ செலவுக்குள் வரும் பொருள். கவரை மூடும் முன் எண்ணெய்க் கேனால் கிராங்க் முனைத் துளையில் எண்ணெய் விட்டு நிரப்புங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஹெட் மேலுள்ள எண்ணெய்க் குழாயின் பாஞ்சோ போல்ட்டை (நடுவில் எண்ணெய்த் துளையுள்ள போல்ட்) ஒரு சுற்று தளர்த்தி, எண்ணெய் கசிந்து வருகிறதா என்று பாருங்கள். அது ராக்கர் பக்கத்துக்கு மட்டும்தான் சாட்சி என்பதும் நினைவிருக்கட்டும். அதே கவருக்குள் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட் இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் கழலும். வலமரை என்று நினைத்துப் பலம் போட்டுக் கெடுத்த கிராங்க் முனைகள் பட்டறைகளில் நிறையக் கிடக்கின்றன.

பழைய வண்டிகளில் நட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு. 13, 14 மி.மீ. ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்தும். அந்த ஏறக்குறையில்தான் முனை உருண்டுவிடும். முதலில் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு) ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். மற்ற அளவுகள் எளிது. பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பட்டுக்கு (வால்வ் இடைவெளிக்கு) ஃபீலர் கேஜே தேவையில்லை: குளிர்ந்த இன்ஜினில், கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே இருக்கும்போது, புஷ் ராட் விரலால் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் மட்டும் இருக்கக் கூடாது. ஆல்டர்னேட்டரில் சுழலும் ரோட்டருக்கும் நிலையான ஸ்டேட்டருக்கும் சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும், ஒரு பக்கம் உரசினால் சார்ஜும் போகும், சத்தமும் இன்ஜின் சத்தம்போலக் கேட்டு ஏமாற்றும். பேரலைப் போர் போட (உள்துளையைக் கடைந்து பெரிதாக்க) கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்கிவிடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும், அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து அல்ல.

பாகங்களுக்கு சென்னையில் இரண்டு இடம். புதுப்பேட்டையில் மட்கார்டு, டூல் பாக்ஸ், ஹப், ஃபுட்ரெஸ்ட், இரு பக்கமும் குட்டி விளக்கு உள்ள ஹெட்லைட் முகப்பு ஆகியவற்றைத் தேடலாம். பழைய தகடு இன்று வரும் நகலைவிடக் கனமாக இருக்கும், விரலால் சுண்டினாலே தெரியும். பேரிங், பிஸ்டன், ரிங், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ ஆகியவற்றை அங்கே பழையதாக வாங்கவே கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக, பில்லோடு எடுங்கள். கேஸ், கியர்பாக்ஸ் போன்ற நம்பர் அல்லது முத்திரை உள்ள பாகம் பில் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

காகித விஷயம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ல் வந்த விதிப்படி 50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று பதிந்து வி.ஏ. எழுத்துள்ள நம்பர் வாங்கலாம்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த வண்டியைத் தினசரி ஓட்ட அனுமதி இல்லை. ஞாயிறு காலையில் மகாபலிபுரம் வரை போய்வர ஆசை உள்ளவர் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளதுதானா என்பதையும் பெயின்ட் அடிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

விற்கும் நாள் வந்தால் உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடிந்த பிறகே சாவி கைமாற வேண்டும். கழற்றிய பழைய புஷ், பழைய பிஸ்டன், போர் போட்ட பில், பிரிக்கும்போது எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வண்டியோடு கொடுங்கள். விவரம் தெரிந்து வாங்க வருபவர் டேங்கைப் பார்க்கும் முன் அந்தப் பையைத்தான் அவிழ்ப்பார்.