“மைனஸ் 40 தாங்கும் கோழிக்கூடு” என்று சொல்லி 2,480 டொலர் வாங்கினார்கள்: குளிர் மாகாணங்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கனடாவின் மேற்கு மாகாணங்களில் வீட்டுப் பின்வளவில் கோழி வளர்ப்பவர்களும், வரும் ஆண்டில் தொடங்கலாம் என்று எண்ணியிருப்பவர்களும் பணம் அனுப்புவதற்கு முன்னர் படிக்க வேண்டும் என்பதற்காக, ஆத்திரம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன். “குளிர்காலத்துக்கென்றே செய்தது, மைனஸ் 40 பாகை வரை தாங்கும்” என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையக் கடை, கூட்டுக்கு 1,890, மின்சூடாக்கிக்கு 240, தண்ணீர் உறையாமல் வைக்கும் சூட்டுத் தட்டுக்கு 90, கொண்டுவந்து தருவதற்கு 260 என்று மொத்தம் 2,480 டொலரை என்னிடம் வாங்கிக்கொண்டது. அந்தக் கூட்டுக்குள் ஒரு கோழி செத்தது. இன்னொன்றின் கொண்டை கறுத்து உதிர்ந்துகொண்டிருக்கிறது. 2,480 டொலரில் ஒரு சதமும் இதுவரை திரும்பி வரவில்லை.

நாங்கள் இருப்பது அல்பேர்ட்டா மாகாணத்து எட்மன்ரனில். இந்நகரில் அனுமதிப்பத்திரம் பெற்று மூன்று முதல் ஆறு பேடுகள் வரை வளர்க்கலாம். சேவல் வைத்திருக்க அனுமதியில்லை. எங்களிடம் நான்கு இருந்தன: ஷான்ரெக்ளேர் இனத்தில் இரண்டு, பிளிமத் றொக் ஒன்று, வெள்ளை லெக்ஹோர்ன் ஒன்று. ஷான்ரெக்ளேர் என்பது கியூபெக் மாகாணத்தின் ஓகா மடத்துத் துறவி ஒருவர் கனடாவின் குளிருக்கென்றே உருவாக்கிய இனம். கொண்டை மிகச் சிறியது, தாடி இல்லையென்றே சொல்லலாம், ஆகவே பனி கடிப்பதற்கு அதிகம் இடமில்லை. லெக்ஹோர்னோ பெரிய ஒற்றைக் கொண்டைக்காரி. அவளை நினைத்துத்தான் நல்ல கூடு ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினோம். 2024 ஜனவரியில் இப்பகுதியில் வெப்பநிலை மைனஸ் 40 பாகைக்கும் கீழே இறங்கியதும், மின்சாரம் போதாமல் போகக்கூடும் என்று அல்பேர்ட்டா முழுவதும் கைபேசிகளில் அவசர எச்சரிக்கை ஒலித்ததும் இங்குள்ளவர்களுக்கு மறந்திராது. மின்சாரம் நின்றாலும் கோழி பிழைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்டது.

விளம்பரத்தில் இருந்த எண்ணை அழைத்தபோது எடுத்தவர் முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினார். பெயரைச் சொன்னதும் குரல் மாறியது. “அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமோ? எந்த இடம்?” என்று கேட்டார். ஊரைச் சொன்னேன், தன் தாயாரின் ஊர் அதற்குப் பக்கத்துக் கிராமம் என்றார். எங்கள் கோவில் தேர் முட்டியில் வந்து நிற்கும் நேரம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், பனி பெய்யப்போகும் ஒரு நகரத்தில், ஊர்க் கோவிலைத் தெரிந்த ஒருவர் கூடு விற்கிறார் என்றால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அப்படியிருந்தும் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன். சுவரின் தடிப்பு எவ்வளவு என்றேன். நடுவில் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை அடித்தது என்றார். காற்றோட்டம் எங்கே என்றேன். கூரையின் அடியில் இருபுறமும் திறப்பு இருக்கிறது, கோழி அமரும் உயரத்துக்கு மேலேதான் காற்றுப் போய் வரும் என்று, கோழி வளர்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விதத்தில் விடை தந்தார். மின்சாரம் நின்றால்? “ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, இந்தக் கூட்டுக்கு ஹீற்றரே தேவையில்லை, உங்கட மனநிம்மதிக்குத்தான் சேர்த்துப் போடுறன். எங்கட ஆக்களிட்ட நான் பொய் சொல்லுவனே?” அன்றிரவே ஒரு படமும் அனுப்பினார்: கூட்டுக்குள் தொங்கும் வெப்பமானி, அதில் சுழியத்துக்கு மேல் நான்கு பாகை, வெளியே பனிக் குவியல். எந்தக் கூடு, எந்தக் குளிர், எந்த நாள் என்று அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை என்பது வேறு கதை.

கடன் அட்டையில் கட்டுகிறேன் என்றபோது, “அட்டைக் கம்பனிக்கு நான் குடுக்கிற காசை ஏன் உங்களிட்ட எடுக்கவேணும்? ஈ-ட்ரான்ஸ்பர் போடுங்கோ, அதைக் குறைச்சு விடுறன்” என்றார். வங்கிக் கணக்கிலிருந்து நேரே அனுப்பிய 2,480 டொலரும் போன சில நிமிடங்களிலேயே அவர் கணக்கில் ஏறியதாகச் செய்தி வந்தது. ஒக்ரோபரில் நன்றியறிதல் நாளுக்கு முன்னர் கூடு வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார். நன்றியறிதல் நாள் போனது. அடுத்து ஹலோவீன் போனது. ஒவ்வொரு முறையும் “லொறி கல்கரி வந்திட்டுது அண்ணை” என்றார். நவம்பர் முடியும் தறுவாயில், முழங்காலளவு பனிக்குள் இரண்டு அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டு ஒரு வண்டி போனது.

பெட்டியைத் திறந்தபோதே விளங்கிவிட்டது. இரண்டு அங்குலத் தடுப்புப் பலகை என்று சொன்ன இடத்தில் பொருள் பொதிந்து அனுப்பப் பயன்படும் வெள்ளி நிறக் குமிழித் தாள் இருந்தது. அதன் மேல் மூடுபலகையும் இல்லாததால் கோழிகள் கொத்திக் கிழித்து விழுங்கத் தொடங்கின. அமரும் கட்டை விளக்குமாற்றுக் காம்பு போன்ற மெல்லிய உருளை. குளிர்நாட்டில் நான்கு அங்குல அகலத் தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி கட்டை வைப்பதற்குக் காரணம் உண்டு: கோழி அதன் மீது பாதத்தை விரித்து அமர்ந்தால் நெஞ்சிறகுகள் விரல்களை முழுவதும் மூடிக்கொள்ளும். உருளையைச் சுற்றிப் பிடித்திருக்கும் விரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பனியும் கடிக்கும். எல்லாவற்றிலும் கேடானது காற்றோட்டம். கூரையடியில் திறப்பே இல்லை. அங்கெல்லாம் நுரை அடைத்து ஒட்டியிருந்தார்கள். இருந்த ஒரே துவாரம் கோழியின் தலைக்கு நேராக, வடக்குப் பார்த்து.

கோழி வளர்க்காதவர்களுக்கு இது சிறு விடயமாகப் படலாம். கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. இறகைச் சிலிர்த்து அதற்கிடையில் காற்றைத் தேக்கி, உலர்ந்த குளிரை அது நன்றாகவே தாங்கும். அதைக் கொல்வது ஈரம். நான்கு கோழிகள் இரவு முழுவதும் மூச்சுவிடுகின்றன, எச்சமிடுகின்றன. எச்சத்தின் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்த ஈரம் மேலெழுந்து வெளியே போக வழியில்லாவிட்டால் கூரையின் உட்புறத்தில் படிந்து உறையும், பகலில் உருகிச் சொட்டும், கொண்டையையும் தாடியையும் நனைக்கும், இரவில் அந்த நனைந்த தோல் உறையும். அதோடு எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் உள்ளேயே தேங்கும். எங்கள் கூட்டில் அப்படியே நடந்தது. காலையில் கதவைத் திறந்தால் கண் எரிந்தது. கூரையில் வெண்பனி ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன. கீழே தடிப்பாகப் போட்டிருந்த மரச்சீவலும் வைக்கோலும் பிழிந்தால் நீர் வரும்போல் இருந்தன. லெக்ஹோர்னின் கொண்டை நுனிகள் முதலில் வெளிறி, பிறகு வீங்கி, பிறகு கறுத்தன.

அப்போதே அழைத்தேன். “புதுக் கூடுதானே அண்ணை, கோழி பழகவேணும்” என்றார். படங்களை அனுப்பிவிட்டு மறுபடியும் அழைத்தபோது, இருக்கிற துவாரத்தையும் துணியால் அடைக்கும்படி சொன்னார்! முதல் பேச்சில் காற்றோட்டம் பற்றி அவ்வளவு துல்லியமாக விளக்கிய அதே மனிதர். கூரையடித் திறப்பு எங்கே என்று கேட்டதற்கு, “அது பழைய மொடல்” என்றார். 1,890 டொலருக்கு எந்த மொடல் விற்கப்பட்டது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

சூடாக்கியின் கதை இன்னும் மோசம். கோழிக்கூட்டில் தீ மூட்டும் 250 வாற்று வெப்ப விளக்கு வேண்டாம், சுவரில் பொருத்தும் தட்டைச் சூடாக்கிதான் வேண்டும் என்று சொல்லியே வாங்கினேன். வந்தது தட்டையாகத்தான் இருந்தது. ஆனால் கனடாவில் விற்கப்படும் மின்பொருளில் இருக்க வேண்டிய சான்றுக் குறி, சிஎஸ்ஏ ஆகட்டும், சிறிய சி எழுத்துடன் வரும் யூஎல் ஆகட்டும், ஒன்றுமே அதில் இல்லை. செருகியின் பிளாஸ்ரிக் இளகத் தொடங்கியதை என் மனைவி கண்டு பிடுங்கிவிட்டார். அன்று அவர் காணாமல் விட்டிருந்தால் வைக்கோல், கூடு, வேலி, அயல்வீடு என்று போயிருக்கும். சூட்டுத் தட்டோ ஒரு நாளும் சூடாகவில்லை. அதன் மேல் வைத்த தண்ணீர் கல்லாகக் கிடந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீனும் சரியாகத் தின்னாது, தீன் குறைந்தால் உடலில் சூடு பிறக்காது. நாங்கள் சமையலறையிலிருந்து வெந்நீர் சுமந்தோம்.

வெப்பநிலை மைனஸ் 31க்கு இறங்கிய இரவின் மறுகாலை, பிளிமத் றொக் அமரும் கட்டையின் கீழே விறைத்துக் கிடந்தது. நான்கு பேருக்கும் மூத்தவள் அவள். மற்ற மூன்றையும் நாய்க்கூண்டில் வைத்து வாகனக் கொட்டிலுக்குள் கொண்டுபோனோம். இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஷான்ரெக்ளேர் இரண்டுக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்தத் துறவியின் வேலை அந்தக் கடைக்காரரின் வேலையைவிட உறுதியானது.

இறந்த செய்தியைச் சொன்னபோது “ஐயோ பாவம்” என்றார். அடுத்த வசனத்திலேயே, மின்பொருட்கள் தங்களுடையவை அல்ல, செய்த கம்பனியிடம் கேளுங்கள் என்றார். அவர் தந்த கம்பனியின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினால் அப்படி ஒரு முகவரியே இல்லையென்று கடிதம் திரும்பி வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அத்தோடு தமிழ் நின்றுபோனது. அதன்பின் வந்த பதில்கள் எல்லாம் ஆங்கிலத்தில், “அன்புள்ள வாடிக்கையாளருக்கு” என்று தொடங்கின. பதினான்கு நாட்களுக்குள் பிரிக்காத பெட்டியில் திருப்பி அனுப்பினால் மட்டுமே பணம் தரப்படும் என்றது ஒரு கடிதம். அந்தப் பதினான்கு நாட்களும் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணப்படும் என்றது அடுத்தது. அதாவது, கூடு என் வாசலுக்கு வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டதாம்! நல்லெண்ண அடையாளமாக, அடுத்த கொள்வனவில் கழித்துக்கொள்ளும்படி 50 டொலர் சீட்டு ஒன்றும் இணைத்திருந்தார்கள். 2,480 டொலர் போன இடத்தில் 50 டொலர், அதுவும் அவர்களிடமே இன்னொரு கூடு வாங்கினால். நான் எழுதிய விமர்சனம் கடையின் பக்கத்தில் ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. இப்போது என் அழைப்பு அவருக்குப் போவதே இல்லை. மனைவியின் கைபேசியிலிருந்து எடுத்தபோது ஒருமுறை ஒலித்தது, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்.

வங்கியிலும் கையை விரித்தார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் பொருள் சரியில்லை என்று முறையிட்டுப் பணத்தை மீட்க ஒரு வழி இருந்திருக்கும். கணக்கில் சேர்ந்துவிட்ட ஈ-ட்ரான்ஸ்பரை அவர்களால் திருப்ப முடியாது. “அதைக் குறைச்சு விடுறன்” என்ற பரிவின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுமையாகப் பிடிபட்டது. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு எழுதி, விளம்பரத்தின் படம், உரையாடல்கள், சான்றுக் குறியில்லாத சூடாக்கியின் படம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்துக்கும் போவேன். ஆனால் கடையின் பெயரில் பதிவு செய்த முகவரி எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது.

குளிர்காலக் கூட்டைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குரிய பொறுமை இல்லை. அவசரமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கூரையடியில் திறப்பு இல்லாத கூட்டை எவ்வளவு தடித்த சுவர் என்றாலும் வாங்காதீர்கள். வாங்கிவிட்டிருந்தால் இன்றைக்கே வாளெடுத்து அறுத்து, எலிகூட நுழையாத இரும்பு வலை அடியுங்கள். திறப்பைக் காட்டும் படத்தை, உங்கள் பெயரும் திகதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சான்றுக் குறி இல்லாத சூடாக்கியைச் செருகவே செருகாதீர்கள். பனி கடித்த கொண்டையைத் தேய்க்காதீர்கள், நெருப்பருகே பிடிக்காதீர்கள். மெல்ல மெல்லச் சூடேற விடுங்கள். பெட்டிகளை எறியாதீர்கள். கடைக்கு ஈ-ட்ரான்ஸ்பர் அனுப்பவே அனுப்பாதீர்கள், ஊர்க் கோவிலின் பெயரைச் சொன்னாலும்.

விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிவப்புக் களஞ்சியம் போன்ற வடிவம், வெள்ளைக் குறுக்குச் சட்டம் வைத்த கதவு, வாசலில் பனி, உள்ளே நான்கு பாகை காட்டும் வெப்பமானி. விலையை 2,480 டொலரிலிருந்து 2,290க்கு இறக்கி, “இறுதிக் கையிருப்பு” என்று போட்டிருக்கிறார்கள். இதே கூட்டை வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், பணம் செலுத்திய சீட்டுடன் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் தொகையையும் சேர்த்துக் கொடுக்கலாம்.